ஆணச்சட்டிக்குள் ஓர் ஆபிரிக்கா

பங்குனி வெயில். மன்னார் மாவட்டத்து முசலியில், சிலாவத்துறையில் ஒரு வீட்டு முற்றம். ஓலைப்பாயில் புளியம்பழம் குவிந்து கிடக்கிறது. அந்த வீட்டு உம்மா காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையில் பழத்தையும் மறுகையில் சின்ன மரக்கட்டையையும் வைத்திருக்கிறார். ஒரே தட்டு. ஓடு நொறுங்கிச் சிதறுகிறது. உள்ளே மண்ணிறச் சதை. அதைக் காம்பிலிருந்து நுனிவரை கட்டிப்பிடித்திருக்கும் நார். காம்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தால், நன்றாகப் பழுத்த பழத்தில் நார் முழுதாகக் கழன்று வரும். அரைப்பழமாக இருந்தால் நடுவில் அறுந்து, நகத்துக்குள் புளி ஏறும். பிறகு பழத்தை விலாவில் கீறிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். கொட்டை வழுக்கிக்கொண்டு பாய்க்கு வெளியே ஓடும். பொறுக்குவதற்கு ஒரு பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பாதிக் கொட்டை அந்தப் பிள்ளையின் சட்டைப் பையிலேயே போய்விடும். ஒரு பக்கத்தைச் சீமெந்துத் தரையில் வெள்ளையாகும்வரை உரைத்தால் தாயம் விளையாடலாமே.

அரை மணி நேரம் நானும் உடைத்துப் பார்த்தேன். கை முழுக்கப் பிசுக்கு. விரலில் முன்பே இருந்த ஒரு கீறல் சுள்ளென்று எரிந்தது. என் பங்குக்குச் சேர்ந்தது ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். பழத்தில் ஓடு ஒரு பங்கு, கொட்டையும் நாரும் ஒரு பங்கு. சதை பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். கடையில் புளி விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களை ஒரு பங்குனி மத்தியானம் இந்தப் பாயில் உட்கார வைத்தால் போதும்.

“இது எந்தக் காலத்து மரம் உம்மா?” என்று வேலியோரம் நின்ற மரத்தைக் காட்டிக் கேட்டேன்.

“எங்க வாப்பாட வாப்பா காலத்துல இருந்தே நிக்கிது மவன். யாரு நட்டாங்களோ அல்லாவுக்குத்தான் தெரியும்.”

முசலிப் பக்கத்துப் புளியமரங்களில் யாரும் வேண்டி நட்டவை குறைவு. குரங்கு தின்று போட்டது, சட்டி கழுவிய தண்ணீரோடு போனது, பிள்ளைகள் எறிந்தது என்று தானாய் எழும்பியவையே அதிகம். அந்த விதைகளின் வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், அது இந்தக் கடலைத் தாண்டி ஆபிரிக்காவில் போய் நிற்கும். புளியமரத்தின் பிறந்தகம் வெப்பமண்டல ஆபிரிக்கா. அங்கே இன்றைக்கும் அது காட்டு மரம். புல்வெளிகளில், கறையான் புற்றோரம், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது. நம் வீட்டு ஆணத்தின், அதாவது குழம்பின், உயிரே ஓர் ஆபிரிக்கக் காட்டு மரத்துச் சதைதான்.

இதைச் சொன்னபோது உம்மா நம்பவில்லை. நானும் முதலில் படித்தபோது நம்பவில்லை.

பெயரில் ஏமாந்தவர்கள்

ஏமாந்தது நாம் மட்டும் அல்ல. அரபு வணிகர்கள் இதற்கு வைத்த பெயர் ‘தம்ர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சம்பழம். அதிலிருந்துதான் ஐரோப்பியர் வாயில் ‘டாமரிண்ட்’ வந்தது. 1563இல் கோவாவில் தன் மருந்து நூலை அச்சிட்ட போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, மலபாரில் இதைப் ‘புளி’ என்கிறார்கள் என்று குறித்து வைத்ததோடு, பேரீச்சைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னார். ஆனாலும் 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டியபோது ‘டாமரிண்டஸ் இண்டிகா’ என்றே எழுதிவிட்டார். இந்தியப் பேரீச்சைக்குப் பின்னால் இன்னொரு தடவை ‘இந்திய’. அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே ஓர் இனம்தான். குடும்பத்தில் ஒரே பிள்ளை, அதற்கும் பிறந்த ஊரைப் பிழையாகப் பதிந்திருக்கிறார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. புளி இங்கே வந்து வேரூன்றியது அவ்வளவு முந்திய சங்கதி. கங்கைச் சமவெளியில் நர்ஹான் என்ற இடத்தில் தோண்டியபோது கிடைத்த புளிய விறகுக் கரி, கி.மு. 1300 அளவுக்குரியது என்று கணித்திருக்கிறார்கள். தமிழில் அதைவிட உறுதியான சாட்சி இலக்கணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் ‘புளி’ என்ற சொல்லுக்கு இரண்டு விதி. மரத்தைச் சொன்னால் நடுவில் ‘அம்’ வர வேண்டும்: புளியங்கொம்பு, புளியங்காய். சுவையைச் சொன்னால் அது வராது, மெல்லெழுத்து மிகும்: புளிங்கூழ். ஒரு மரத்தையும் அதன் சுவையையும் பிரித்துப் புணர்ச்சி விதி எழுத வேண்டுமானால், அந்த மரம் ஊருக்குள் எத்தனை தலைமுறை நின்றிருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு நம் பேச்சில் புளி படுத்தாத பாடு இல்லை. வசதியான இடத்தில் சம்பந்தம் செய்தவன் புளியங்கொம்பைப் பிடித்தவன். பயந்தவனுக்கு வயிற்றில் புளி கரைகிறது. உலகத்தில் இருந்தும் ஒட்டாமல் வாழ்பவன் புளியம்பழமும் ஓடும் போல. அந்த உவமை எப்படி வந்தது என்பது பாயில் உட்கார்ந்து உடைத்தவனுக்குத்தான் விளங்கும். காயில் ஓடும் சதையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். பழுக்கப் பழுக்கச் சதை நீர் வற்றிச் சுருங்கி ஓட்டை விட்டு விலகும். குலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்கும். ஆசைப்பட்டவர் யாரும் பிரிக்காமல் தானாகவே பிரிகிற விலகல் அது.

வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்த மற்றவன்

மன்னார்த் தீவில் பள்ளிமுனைக்குப் போகும் வழியில் இன்னோர் ஆபிரிக்கன் நிற்கிறான். அவனை எல்லாருக்கும் தெரியும். பெருக்கமரம். அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர், உயரமோ ஏழரை மீற்றர்தான். நெஞ்சை நிமிர்த்தத் தெரியாத பயில்வான் போல. சுற்றுலா வண்டிகள் நிற்கும், படம் எடுப்பார்கள், பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அரபு வணிகர் 1477இல் நட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். வயது 700ஐத் தாண்டிவிட்டது என்று வேறு சிலர் சொல்வார்கள். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறவர்களும் உண்டு. கணக்குத் தெரிந்தவர்கள் ஒன்றைத் தெரிவு செய்துகொள்ளட்டும்.

எனக்கு அந்த மரத்தைவிட அதன் தமிழ்ப் பெயர்கள்தான் சுவையானவை. ஆனைப்புளி, பொந்தன்புளி, பப்பரப்புளி. எல்லாவற்றிலும் புளி! பெருக்கமரத்துக் காய்க்குள் வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி போல உலர்ந்த சதை இருக்கும். வாயில் போட்டால் கரைந்து புளிக்கும். அதைச் சுவைத்துப் பார்த்த நம் ஆட்கள் “இது ஒரு பெரிய புளி” என்று முடிவு கட்டிவிட்டார்கள். ‘பப்பரர்’ என்பது நம் பழைய சொல்லில் கடல் கடந்த வேற்று நாட்டாரைக் குறிக்கும். ஆக, பப்பரப்புளி என்றால் பிறத்தியாருடைய புளி. அப்படிச் சொன்னபோது கூடவே ஒன்றையும் சொல்லாமல் சொல்லிவிட்டார்கள்: மற்றது நம்முடைய புளி. இரண்டுமே ஒரே கண்டத்தில் இருந்து வந்தவை. பிந்தி வந்ததற்குப் பிறத்தியான் என்று பெயர், முந்தி வந்தது வீட்டுப்பிள்ளை.

பெருக்கமரத்தின் வருகையை விஞ்ஞானிகள் துருவிப் பார்த்திருக்கிறார்கள். ஹரிப்பிரியா ரங்கன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, இந்தியத் துணைக்கண்டத்துக்கு இந்த மரம் ஒரே தடவையில் வரவில்லை. ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளில் இருந்து பல தடவை வந்திருக்கிறது. 2024இல் வந்த இன்னோர் ஆய்வு அதற்கும் ஒரு படி மேலே போய், பெருக்கமரக் குடும்பமே மடகாஸ்கரில் பிறந்து அங்கிருந்துதான் ஆபிரிக்கப் பெருநிலத்துக்குப் போனது என்கிறது. ஆபிரிக்காவே அதற்குப் புகுந்த வீடுதான் என்று ஆகிவிட்டது. பூர்வீகம் தேடப் புறப்படுகிறவர்கள் எந்த இடத்தில் நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுப் போவது நல்லது.

பயணி இபுனு பதூதா 1344இல் இந்தக் கரையில் இறங்கியவர். முசலிக்குத் தெற்கே புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தி மன்னரைச் சந்தித்து, கரையோரம் குவிந்து கிடந்த கறுவாக் கட்டைகளையும் மன்னரிடம் இருந்த முத்துகளையும் பற்றி எழுதி வைத்தார். எட்டு வருடம் கழித்து 1352இல் அதே மனிதர் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போகிறார். வழியில் பிரமாண்டமான மரங்கள். சிலவற்றின் பொந்துக்குள் மழைநீர் தேங்கிக் கிணறு போல இருக்கிறது, வழிப்போக்கர்கள் குடிக்கிறார்கள். சிலவற்றில் தேன்கூடு. ஒரு மரத்துப் பொந்துக்குள் நெசவாளி ஒருவர் தறியைப் போட்டு நெய்துகொண்டிருந்ததைப் பார்த்து அவர் வியந்துபோனார். அவை பெருக்கமரங்கள் என்பதுதான் அறிஞர்களின் கணிப்பு. பொந்தன்புளி என்று நம் ஆட்கள் வைத்த பெயர் அந்த நெசவாளிக்கும் பொருந்தியிருக்கும்.

கழுதைகளையும் விட்டுவிடக் கூடாது. மன்னார்ப் பட்டினத்துத் தெருக்களில் கடை வாசலில் நின்று கடதாசி தின்னும் கழுதைகளின் மூதாதையரும் வடகிழக்கு ஆபிரிக்காவில் பழக்கப்பட்டவர்களே. புத்தளத்துக்கு அருகே சிறம்பியடியில், போர்த்துக்கேயர் காலத்தில் இருந்து கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் ‘மஞ்சா’ப் பாட்டோடு வாழ்கிறார்கள். இந்தக் கரையில் ஆபிரிக்கா ஒன்றும் தூரத்துத் தேசம் அல்ல. பிடிவாதமாக மறந்தால்தான் உண்டு.

சட்டிக்குள் என்ன நடக்கிறது

சமையலுக்கு வருவோம். முசலியில் முஸ்லிம் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். மீனாணம், கருவாட்டாணம், ஒன்றும் இல்லாத நாளில் வெறும் புளியாணம். பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமத்தில் அதே சட்டி, அதே மீன், பெயர் மட்டும் மீன்குழம்பு. பழப்புளி என்று இங்கே சொல்வது கொட்டை நீக்கி உருட்டிய புளியை. தேசிக்காய்ப் புளியும் புளிதான், மாங்காய்ப் புளியும் புளிதான். அதனால் பழப்புளிக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டிருக்கிறது.

உம்மா ஆணம் வைத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு பாக்களவு புளியைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிட்டார். மீன் வெட்டி முடியுமட்டும் அது ஊறியது. பாரை. கையை விட்டுப் பிசைந்து, சக்கையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு விரலிடுக்கால் வடித்தார். வடிதட்டு பக்கத்திலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. மண்சட்டி அடுப்பில் ஏறியது. வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, தூளைப் போட்டு, புளித்தண்ணியை ஊற்றினார். அது கொதித்துப் பச்சை வாசம் போகும்வரை மீனைச் சட்டிக்குக் கிட்டவே விடவில்லை. கடைசியில்தான் தேங்காய்ப்பால். புளியும் பாலும் சேரும் அந்த நேரத்தில் அகப்பையால் கிண்டினால் வசவு விழும். சட்டியை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும்.

இதில் ஒவ்வொரு கைவேலைக்கும் காரணம் உண்டு. மீன் கவிச்சிக்கு மூலம் அமீன் என்ற வகைச் சேர்மங்கள். அவை காற்றில் எளிதாக ஏறுவதால்தான் மூக்கில் அடிக்கிறது. புளியில் இருக்கும் தார்த்தாரிக் அமிலம் அவற்றோடு சேர்ந்து உப்பாக மாற்றிவிடும். உப்பு காற்றில் ஏறாது, வாடையும் எழும்பாது. திராட்சையில் இருப்பதும் அதே அமிலம்தான். ஆனால் பழச்சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்குவரை அது இருக்கும் பழம் அபூர்வம். இன்னொரு விசேஷமும் புளிக்கு உண்டு. மாங்காய் பழுத்தால் புளிப்புப் போய் இனிப்பு வரும். புளி பழுத்தால் இனிப்பு வரும், புளிப்பும் போகாது. இரண்டும் ஒரே சதைக்குள் குடியிருக்கும். அதனால்தான் தேசிக்காய் பிழிந்த ஆணத்துக்கு வராத ஓர் ஆழம் பழப்புளி கரைத்த ஆணத்துக்கு வருகிறது. இந்த அமிலம்தான் பித்தளைக் குத்துவிளக்கையும் பளபளக்க வைக்கிறது, அலுமினியச் சட்டியையும் மெல்ல அரிக்கிறது. மண்சட்டியில்தான் ஆணம் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த உம்மம்மாமார் இரசாயனம் படித்தவர்கள் அல்ல. சட்டி அரிபட்டதைப் பார்த்தவர்கள்.

இலங்கைக்குள்ளேயே புளிப்புக்கு எல்லைக்கோடு உண்டு. ஈரவலயத்துச் சிங்கள வீடுகளில் மீனுக்குக் கொறுக்காய். அம்புல் தியலுக்குக் கொறுக்காய் இல்லாமல் முடியாது. உலர்வலயத்துக்கு வரும்போது பழப்புளி ஆட்சிக்கு வருகிறது. மழை அதிகமான இடத்து மரம் ஒன்று, மழை பொய்த்தாலும் சமாளிக்கிற மரம் மற்றது. நாக்கின் பழக்கம் என்று நாம் நினைப்பதில் பாதி மழைக்கணக்கு.

ஆபிரிக்காவில் இந்தப் புளியை என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால் நமக்குக் கூச்சமாக இருக்கும். அவ்வளவு ஒற்றுமை. செனகலின் தேசிய உணவு ‘செபுஜென்’. சோறும் மீனும் காய்கறியும் சேர்ந்த சட்டிச்சோறு. அதற்குப் புளி வைத்துக்கொள்வார்கள். வொலோஃப் மொழியில் புளிக்குத் ‘தஹார்’ என்று பெயர். தலைநகர் டக்காரின் பெயரே அதில் இருந்து வந்ததுதான் என்று ஒரு கருத்து உண்டு. வட நைஜீரியாவில் ஹௌசா மக்கள் புளியை ‘சாமியா’ என்கிறார்கள். கம்பு மாவைக் கரைத்து, புளித்தண்ணீரும் இஞ்சியும் கராம்பும் சேர்த்துக் காய்ச்சிய கூழ் அவர்களின் நோன்பு துறக்கும் பானம். நம் பள்ளிவாசலில் நோன்புக்கஞ்சி வாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு என்பதைத் தவிர வேறு குறை சொல்லாது. பெருக்கமரத்துச் சதையில் அவர்கள் குடிபானம் செய்கிறார்கள், அதன் இலையைக் காயவைத்து இடித்த தூள் குழம்புக்குப் போகிறது. நாம் அந்த மரத்தைப் படம் எடுப்பதோடு சரி.

ஆபிரிக்காவின் எல்லா வாசனைச் சரக்குக்கும் புளிக்குக் கிடைத்த யோகம் கிடைக்கவில்லை. மேற்காபிரிக்கக் காடுகளில் மெலெகுவெட்டா என்று ஒரு மிளகு உண்டு. ஏலக்காய், இஞ்சி வகையறா. இன்றைய லைபீரியாக் கரைக்குத் ‘தானியக் கரை’ என்று பெயர் வந்ததே அந்த விதையால்தான். ஐரோப்பியச் சீமான்கள் ஒருகாலத்தில் அதற்கு அலைந்தார்கள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபின் மலபார் மிளகு மலிவாகக் கப்பலேற, மெலெகுவெட்டாவை ஐரோப்பா மெல்ல மறந்தது. அது விலைக்குப் போன சரக்கு. புளி அப்படி அல்ல. கூலியும் கேட்காமல் வேலியோரம் முளைத்துக்கொண்ட சரக்கு. விற்பனையை நம்பியதற்குச் சந்தை கவிழ்ந்தால் கதை முடிந்தது. வேலியோரத்தை நம்பியதற்கு எந்தச் சந்தையும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முத்தும் புளியும்

முசலி என்றால் வெளியூரார் நினைப்பது முத்து. சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்ற பெயர்கள் ஒருகாலத்தில் லண்டன் பத்திரிகைகளில் அடிபட்டவை. அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகையின் இடிபாடு இன்னமும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கடல் வாங்கிக்கொள்கிறது. 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் இளம் அரசாங்க உத்தியோகத்தராக வேலை செய்தவர் லெனார்ட் வுல்ஃப். பாரசீக வளைகுடாவில் இருந்து வந்த அரபிகளும், இரு கரையிலும் இருந்து வந்த தமிழரும் சோனகரும் மூழ்கி எடுத்த சிப்பிகள் ‘கொட்டு’ என்ற அடைப்புக்குள் குவிந்து அழுகிய நாற்றத்தையும் ஈக்களையும் அவர் மறக்கவே இல்லை. கடல் அமைதியாக இருக்கும் மாசி பங்குனியில்தான் முத்துக்குளிப்பு நடந்தது. புளி பழுப்பதும் அதே மாசி பங்குனியில்தான்.

முத்தையும் புளியையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சொன்னவர் மார்க்கோ போலோ. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடல்வழியாகப் போனவர். குஜராத்துக் கரையோரக் கடற்கொள்ளையர் ஒரு வேலை செய்வார்களாம். பிடிபட்ட வணிகர்கள் பயத்தில் முத்துகளை விழுங்கிவிடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே கடல்நீரில் புளியைக் கரைத்துக் குடிக்கவைப்பார்கள். மிச்சத்தை வயிறே பார்த்துக்கொள்ளும். வயிற்றில் புளியைக் கரைத்தது என்று நாம் பேச்சுக்குச் சொல்வதை அவர்கள் சொல்லுக்குச் சொல் செய்திருக்கிறார்கள்! புளி மலமிளக்கி என்பது அன்றைக்கே கள்ளனுக்கும் தெரிந்த வைத்தியம்.

அருவியாற்றுக்கு வடக்கே, திருக்கேதீஸ்வரத்தை அண்டிய மாந்தைத் துறைமுகம் இந்தக் கதையின் வாசற்படி. அங்கே 2009–10இல் நடந்த அகழ்வில் கிடைத்த கருகிய தானியங்களையும் விதைகளையும் ஆராய்ந்தவர்கள், 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கி.பி. 600–700 காலத்து மிளகு, கி.பி. 900–1100 காலத்து ஒரே ஒரு கராம்பு, தொலைவில் இருந்து வந்திருக்கக்கூடிய கோதுமையும் திராட்சை விதையும். அந்தக் கராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் இருந்து 7,000 கிலோமீற்றர் கடந்து வந்து, யாருடைய கையில் இருந்தோ தவறி, அடுப்பிலோ நெருப்பிலோ விழுந்து கருகியது. கருகியதால்தான் நமக்குக் கிடைத்தது. உலகத்துச் சரக்கெல்லாம் ஏறி இறங்கிய துறை அது என்பதற்கு அந்த ஒரு கராம்பே போதும்.

மரம் நின்ற இடம்

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 75,000 பேர் வடமாகாணத்தை விட்டுப் போனார்கள். மன்னாரில் இருந்து போனவர்களில் பெரும்பாலானோர் கற்பிட்டி, புத்தளம் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் குடியேறினார்கள். சில மாதம் என்று நினைத்துப் போன இடத்தில் இருபது வருடம் போயிற்று. தமிழ்க் கிராமங்களும் தப்பவில்லை. 2007 செப்டெம்பரில் முள்ளிக்குளம் மக்களை இராணுவம் வெளியேற்றியது. அங்கே கடற்படைத் தளம் வந்தது. 2017 ஏப்ரலில் ஒரு பகுதியை விடுவிப்பதாக அறிவித்தார்கள். முசலியில் இடம்பெயராத குடும்பம் என்று ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

போர் முடிந்து மக்கள் திரும்பி வந்தபோது சுவர் இல்லை, கூரை இல்லை, வேலி இல்லை. முள்ளும் பற்றையும் ஆளுயரம். எது யாருடைய வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கிணற்றைப் பார்த்து. மரத்தைப் பார்த்து. வேம்பும் பாலையும் காட்டிலும் முளைக்கும். அவற்றை நம்ப முடியாது. ஒரு கிணறும் அதற்குப் பக்கத்தில் ஒரு முதிர்ந்த புளியும் சேர்ந்து நின்றால், அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது என்று அர்த்தம். புளிக்கடியில் புல்பூண்டு அதிகம் முளைக்காது. அதனால் பற்றைக்குள்ளும் அந்த நிழல் மட்டும் கூட்டி வைத்த முற்றம் போலக் கிடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. விதையில் இருந்து எழும்பிய புளி காய்க்க ஏழு முதல் பத்து வருடம் ஆகும். 1990இல் யாரோ ஒருத்தி அவசர அவசரமாகக் கழுவிக் கவிழ்த்த சட்டித் தண்ணீரோடு போன கொட்டை, அவள் திரும்பி வந்தபோது பத்துத் தடவையாவது காய்த்திருக்கும். பிடுங்க ஆள் இல்லாமல் குரங்குக்கும் கரடிக்கும் போயிருக்கும்.

திரும்பி வந்த பிறகுதான் இன்னொரு சண்டை. மறிச்சுக்கட்டி, கரடிக்குழி, பாலைக்குழிப் பக்கம் வில்பத்துக் காட்டை அழித்துக் குடியேறுகிறார்கள் என்று தெற்கில் குரல் எழுந்தது. இருபது வருடம் ஆள் இல்லாததால் காடான எங்கள் ஊர் இது என்று இவர்கள் சொன்னார்கள். 2017 மார்ச்சில் மாவில்லு உள்ளிட்ட பகுதிகளை வன ஒதுக்கமாக்கும் வர்த்தமானி வந்தபோது, மறிச்சுக்கட்டியில் மக்கள் வாரக்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் நடந்த காடழிப்புச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, மீள மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டும் என்றும் பணித்தது. காடு அழிந்தது உண்மையென்றால் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிற எல்லாமே ஆதிகாடு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை வெயிலில் இறங்கி நடந்து பார்க்கலாம். தூர்ந்த கிணற்றுக் கட்டும் பக்கத்தில் ஒரு புளியும் எந்தச் செய்மதிப் படத்திலும் விழாது.

இப்போது முசலிப் புளிக்கு வேறு தொல்லைகள். கடைகளில் அச்சுப்புளி பொதி பொதியாக வந்து இறங்குகிறது. கொட்டை நீக்கியது, பிசுக்குப் படாதது, மொத்தமாக வாங்கலாம். உடைக்கிற கூலியைப் பார்த்தால் முற்றத்துப் புளி கட்டுப்படியாகாது என்று இளையவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மரத்துக்கும் கிராக்கி உண்டு. புளியங்கட்டை இறுக்கமானது, கத்தி பட்டால் சிராய் உதிராது. இறைச்சிக் கடைகளில் வெட்டுக்கட்டையாக இருப்பது பெரும்பாலும் அதுதான். விறகாய் எரித்தால் நின்று எரியும். நூறு வருடம் நின்ற மரத்தை ஒரு பகலில் அறுத்து முடித்துவிடலாம். புதிதாய்ப் புளி நட்டவர்களை நான் கண்டதில்லை. புளிக்கடியில் பேய் இருக்கும், வீட்டுக்குப் பக்கத்தில் ஆகாது என்பார்கள். இரவில் இலை மடிந்து மரம் கறுத்து ஒடுங்கி நிற்பதைப் பார்த்தால் பயம் வருவது இயற்கைதான். இத்தனை சனம் ஊரைவிட்டுப் போனபோது ஊரைக் காத்துக்கொண்டிருந்த பேய்கள் என்றால், அவற்றை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

பின்னேரம் வெயில் தாழ்ந்தது. உம்மா பிதுக்கிய புளியில் உப்புத்தூளைத் தூவி, கையால் அழுத்தி உருண்டை பிடித்து, மண்பானைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இடையிடையே இன்னும் கொஞ்சம் உப்பு. வாயைத் துணியால் கட்டி, அடுப்படி மூலையில் தரைபடாமல் பலகை போட்டு வைத்தார். நான் கிளம்பும்போது நான்கு உருண்டையைக் கடதாசியில் சுற்றிக் கையில் திணித்தார். காசு கொடுக்கப் போய் ஏச்சு வாங்கினேன்.

“இப்பவே கரைச்சிராதீங்க மவன். புதுப்புளி, வாய் கூசும். பானைல போட்டு வச்சி, கறுத்த பொறகு வாற வருஷம் எடுங்க.”

என் அடுப்படியில் அது ஒரு சாடிக்குள் இருக்கிறது. இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது.